ஏப்ரல் 27 பேராக் பாகான் டத்தோ ஜெட்டிக்கு (படகுத்துறைக்கு) யாரெல்லாம் வர்றீங்க? (பழைய மலேசிய நேவி ஆளுங்க, அவங்க குடும்பத்துங்க)

பழைய ஸ்டோக்கர் (ஊத்தான் மெலிந்தாங்)

எல்லாருக்கும் வணக்கம். போன மாசம் என் கூட்டாளி ஒருத்தன் போயிட்டான். 1973ல நானும் அவனும் ஒரே தோட்டத்துல இருந்து ஒரே நாள்ல கெளம்பி தாப்பா ரோடு ஸ்டேஷன்ல ராத்திரி ரயில் ஏறி சிங்கப்பூர் உட்லண்ட்ஸ்ல இருந்த கேடி மலாயா பயிற்சி முகாமுக்குப் போனோம் (கேடின்னா கப்பல் டிராஜா, அரச கப்பல், நம்ம கடற்படைக் கப்பல், தளம் பேருக்கு முன்னால போடுறது). ரெண்டு பேரு அம்மா அப்பாவும் பால் மரம் வெட்டுறவங்க, அதாவது ரப்பர் பால் எடுக்கறவங்க. அவன் டெக்ல, நான் கீழ எஞ்சின் ரூம்ல. ரெண்டு பேரும் கேடி ராஹ்மாட்ல சேர்ந்து ஓடுனோம், அப்புறம் வேற வேற கப்பல், இருபத்தொரு வருஷம் முடிச்சு 94ல வெளிய வந்து ரெண்டு பேரும் இதே ஊருக்குத்தான் திரும்புனோம். அவன் செம்பனைக் குலை லோரி ஓட்டுனான்.

சாவு வீட்ல அவனை எல்லாருக்கும் லோரி மாமாவாத்தான் தெரியுது. கெமா (பந்தல்) போட்டு நாற்காலி போட்டு நூறு பேரு வந்திருக்காங்க, அவன் எந்தக் கடல்ல எத்தனை ராத்திரி முழிச்சிருந்தான்னு தெரிஞ்சவங்க நானும் ஆயர் தாவார்ல இருந்து வந்த ஒரு மலாய்க்கார கூட்டாளியும் ரெண்டே பேருதான். எனக்கு மனசு ஆறவே இல்ல.

அப்ப அவன் பேரன், ஆறு ஏழு வயசு இருக்கும், கையில எதையோ வச்சு ஊதிக்கிட்டு ஓடுறான். பார்த்தா அவனோட போசன் பைப்பு. தெரியாதவங்களுக்குச் சொல்றேன், கப்பல்ல உத்தரவு எல்லாத்துக்கும் ஊதுற சின்ன விசில் அது, ஒரு முனையில குண்டுமணி கணக்கா உருண்டை, அதுக்கு மேல வளைஞ்சு வர்ற மெல்லிசான குழாய், அடியில பிடிக்கிறதுக்கு ஒரு தகடு, சங்கிலி மாட்ட ஒரு வளையம். உள்ளங்கையில அடங்கிடும். விரலை உருண்டை மேல மூடுனா சத்தம் கீச்சுனு மேல ஏறும், தொறந்தா எறங்கும். பித்தளை தேஞ்சு உருண்டை பக்கத்துல பச்சை பிடிச்சிருந்துச்சு. அவன் கட்டைவிரல் வைக்கிற எடம் மட்டும் பளபளன்னு வழுவழுன்னு இருந்துச்சு. பேரன்கிட்ட கேட்டு வாங்கி வேட்டி முனையில தொடச்சேன்.

பெரிய அதிகாரி கப்பல் ஏறுறப்ப எறங்குறப்ப ஓரமா நின்னு ஊதுவாங்க, கீழ ஆரம்பிச்சு மேல ஏத்தி பிடிச்சு திரும்ப எறக்குறது. அதை அவன் எவ்ளோ பேருக்கு ஊதியிருப்பான், அவனுக்கு யாரும் ஊதுனதில்ல. தூக்குறதுக்கு முன்னால நான் ஊதுனேன். எஞ்சின் ரூம் ஆளு, எனக்கு அது வேலையே இல்ல, மூச்சும் பத்தல, பல் செட்டு வேற ஆடுது, முதல் தடவை வெறும் காத்துதான் வந்துச்சு. ரெண்டாவது தடவை வந்துச்சு. அந்த மலாய்க்கார கூட்டாளி சல்யூட் அடிச்சு நின்னான். பறை அடிச்சவங்க தானா நிறுத்திட்டாங்க.

அதான் கேட்கிறேன். ஏப்ரல் 27 நேவி நாள், 1934ல அன்னைக்குத்தான் நம்ம கடற்படையோட முதல் தொண்டர் படை ஆரம்பிச்சுது. அன்னைக்குக் காலையில பாகான் டத்தோ ஜெட்டியில நம்ம வட்டாரத்து பழைய ஆளுங்க, போனவங்க குடும்பம், கூடுவோமா? பேச்சு, மைக்கு எதுவும் வேணாம். போனவங்க பேரைச் சத்தமா சொல்லி ஆத்துல பூ விடுவோம்.

---

சிக்னல் அண்ணன் (சித்தியவான்)

தம்பி, படிச்சு முடிக்க முடியல, கண்ணு மறைச்சிடுச்சு. நான் உனக்கு சீனியர், 65ல சேர்ந்தவன், இந்தோனேசியாவோட மோதல், கொன்ஃப்ரொன்தாசி, முடியல அப்ப. நூத்தி மூணு அடி நீளத்துல வோஸ்பர் பட்ரோல் போட்டு, அதுலதான் எனக்கு முதல் போஸ்டிங். மலாக்கா நீரிணையில ராத்திரி விளக்கு அணைச்சிட்டு சுத்துவோம். அந்தச் சின்ன போட்டுல இருபது சொச்சம் பேரு, ஒருத்தன் வாந்தி எடுத்தா எல்லாருக்கும் தெரியும், ஒருத்தனுக்கு வீட்ல இருந்து கடுதாசி வந்தா எல்லாரும் படிப்போம். எனக்கு வர்ற கடுதாசியில எங்கம்மா தோட்டத்துல எந்த மாடு கன்னு போட்டுச்சுன்னு எழுதச் சொல்லி அனுப்புவாங்க, ஒரு சீனக் கூட்டாளி அந்த மாடு பேரெல்லாம் மனப்பாடமா வச்சிருந்தான்.

நான் வர்றேன். என் கூட அந்தச் சீனரும் வருவாரு, இங்கதான் கொம்பியா (சீன ரொட்டி) சுட்டு வித்துக்கிட்டிருந்தாரு, இப்ப மகன் பார்க்கிறான். ஒரு பை சூடா எடுத்துட்டு வரச் சொல்றேன்.

---

கிராணி மகன் (தெலுக் இந்தான்)

நல்ல யோசனை ஐயா ஆனா ஒண்ணு கேட்கிறேன் தப்பா எடுத்துக்காதீங்க. ஜூலை 31 ஹரி பஹ்லவான் (வீரர்கள் நாள்) இருக்கு, கோலாலம்பூர்ல துகு நெகாரா (தேசிய நினைவுச் சின்னம்) இருக்கு, முன்னாள் ராணுவத்தினர் சங்கம் ஒவ்வொரு மாவட்டத்துலயும் இருக்கு. தனியா நாம ஏன் பண்ணணும்? பண்ணுறதா இருந்தா முறையா ஆர்ஓஎஸ்ல (சங்கப் பதிவிலாகாவுல) பதிஞ்சு ஒரு சங்கமாவே பண்ணலாமே, மானியமாச்சும் கெடைக்கும். சும்மா ஜெட்டியில கூடிட்டுக் கலைஞ்சா அடுத்த வருஷம் யாரும் ஞாபகம் வச்சிருக்க மாட்டாங்க.

---

பழைய ஸ்டோக்கர்

தம்பி நீங்க சொல்றது சரிதான், நான் சங்கத்துல மெம்பர்தான், அங்க போறதை நிறுத்தச் சொல்லல. அங்க நாட்டுக்காக உயிர் கொடுத்த எல்லாரையும் சேர்த்து நெனைக்கிறாங்க, அது பெரிய விஷயம், தலை வணங்குறேன். ஆனா என் கூட்டாளி சண்டையில சாகல, லோரி ஓட்டி சக்கரை வியாதி வந்து செத்தான், அவன் பேரு எந்தத் தூண்லயும் வராது. அவனை யாரு சொல்லுவா, நான்தானே சொல்லணும். சங்கம்னு போட்டா தலைவர் செயலாளர் பொருளாளர்னு ஆரம்பிச்சு மூணாவது கூட்டத்துல சண்டை வந்துடும், நம்ம ஆளுங்களை நமக்குத் தெரியாதா. பூவும் பேரும் போதும்.

---

லயத்துப் பொண்ணு (பாகான் டத்தோ)

அங்கிள், நான் நேவி ஆளு இல்ல, எங்கப்பா நேவியில இருந்தாரு. எனக்கு 9 வயசா இருக்கறப்ப 1996ல தவறிட்டாரு. வீட்ல ஒரே ஒரு போட்டோதான் இருக்கு. அப்பா வெள்ளை சட்டையில தொப்பி போட்டு கப்பல் பக்கத்துல ஜெட்டியில நிக்கிறாரு, ரொம்ப ஒல்லியா. பக்கத்துல இன்னொருத்தர் அப்பா தோள் மேல கை போட்டு நிக்கிறாரு, அவர் யாருன்னு அம்மாவுக்கும் தெரியல. கப்பல் ஓரத்துல பெருசா 24ன்னு இருக்கு, அதுக்கு முன்னால உள்ள எழுத்தை அப்பா தலை மறைச்சிடுச்சு. போட்டோ பின்னால தமிழ்ல பால்பாயிண்ட்ல எழுதியிருக்காரு, "அம்மாவுக்கு. சாப்பாடு நல்லா இருக்கு. கவலை வேண்டாம். இவன் என் கூட்டாளி."

எந்தக் கப்பல்னு மட்டும் சொல்ல முடியுமா? அம்மாகிட்ட கேட்டா கப்பல்தான்னு சொல்றாங்க, பேரு தெரியல. எனக்கு இப்ப 38 வயசு, அப்பாவைப் பத்தி எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அந்த நாலு வரிதான்.

---

பழைய ஸ்டோக்கர்

அம்மாடி, அது என் கப்பல்மா.

எஃப் 24, கேடி ராஹ்மாட். உங்கப்பா தலை மறைச்ச எழுத்து எஃப், ஃப்ரிகேட்டுக்கு. பிரிட்டன்ல யார்ரோ கம்பெனி கட்டுனது, முதல்ல ஹாங் ஜெபாட்னு பேரு வச்சாங்க, அப்புறம் ராஹ்மாட்னு மாத்துனாங்க, 71ல நம்ம கொடி ஏறுச்சு. முன்னால நாலரை இஞ்ச் பீரங்கி ஒண்ணு, பின்னால சீகேட் ஏவுகணை. எனக்குத் தெரிஞ்சது கீழ உள்ளதுதான். சாதாரணமா ஓடுறப்ப டீசல், வேகம் வேணும்னா ஒலிம்பஸ் கேஸ் டர்பைன், விமான எஞ்சின் மாதிரி. அதை ஸ்டார்ட் பண்றப்ப முதல்ல ஒரு மெல்லிசான ஊளை, அது ஏற ஏற நெஞ்சுக்குள்ள எலும்பு வரைக்கும் நடுங்கும், கப்பல் அப்படியே குந்தி எழுந்து பாயும், 26 நாட் வேகம். டெக்ல உள்ளவங்க எல்லாம் பிடிக்கக் கம்பி தேடுவாங்க. உங்கப்பா டெக்ல இருந்திருந்தா அந்தக் காத்து அவர் மூஞ்சியில அடிச்சிருக்கும், எஞ்சின்ல இருந்திருந்தா என் பக்கத்துல நின்னிருப்பாரு. எந்த வருஷம்னு தெரிஞ்சா சொல்லுமா. நான் 81ல வேற கப்பலுக்குப் போயிட்டேன், அதுக்கப்புறம் வந்தவரா இருந்தா எனக்குத் தெரியாது.

2004ல ராஹ்மாட்டை ஓய்வு கொடுத்துட்டு அப்புறம் லுமுட்ல கரையோரமா தண்ணியிலயே கட்டி மியூசியமா வச்சாங்க. என் பேரப் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போய் நான் படுத்த பங்க்கைக் காட்டினேன், என் கூட்டாளியும் வந்தான், எஞ்சின் ரூம் ஏணியில எறங்க முடியாம மேலயே நின்னு "டேய் எப்படிடா இதுக்குள்ள வாழ்ந்தோம்"னான். 2017 ஆகஸ்ட்ல கட்டி வச்ச எடத்துலயே தண்ணி புகுந்து முங்கிடுச்சு. செய்தியில அந்தப் படத்தைப் பார்த்துட்டு ராத்திரி பதினொரு மணிக்கு என் வீட்டு வாசல்ல வந்து நின்னான், ரெண்டு பேரும் விடியற வரைக்கும் திண்ணையில உட்கார்ந்திருந்தோம், பெருசா ஒண்ணும் பேசல.

---

லயத்துப் பொண்ணு

கேடி ராஹ்மாட். எழுதி சாமி மேடையில வச்சுட்டேன் அங்கிள். அம்மா அழுதாங்க. அப்பா 82ல இருந்துதான் அந்தக் கப்பல்ல இருந்திருப்பாருன்னு அம்மா கணக்கு சொல்றாங்க, கல்யாணத்துக்கு ரெண்டு வருஷம் முன்னால. அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது.

---

நீலக் காலர் (லுமுட்)

வணக்கம் ஐயாக்களே, நான் 2019ல வெளிய வந்தவன். இந்த ஜெட்டி நிகழ்ச்சிக்கு நான் கட்டாயம் வர்றேன். ஏன்னா எங்க தலைமுறைக்கு ஏப்ரல்னாலே நெஞ்சு அடைக்குது. 2024 ஏப்ரல் 23 காலையில லுமுட் தளத்துல 90ஆவது நேவி நாளுக்கு ஒத்திகை நடக்கறப்ப ரெண்டு ஹெலிகாப்டர் மோதி பத்து பேரும் போயிட்டாங்க. அதுல நம்ம தமிழ்ப் பையன் ஒருத்தரும் இருந்தாரு. அந்த வீடியோ எல்லா வாட்ஸ்அப் குரூப்லயும் சுத்துச்சு, தயவுசெஞ்சு அதை யாரும் இங்க போடாதீங்க, அதுல இருக்கறவங்களுக்கு அம்மா இருக்காங்க, பொண்டாட்டி இருக்காங்க. நான் அன்னைக்கு சித்தியவான்ல பசியாறிக்கிட்டிருந்தேன், போன் வந்துச்சு, சாப்பிட்ட கையோட அப்படியே மோட்டார் எடுத்துட்டு கேட் வரைக்கும் போய் நின்னேன், உள்ள விடமாட்டாங்கன்னு தெரியும், இருந்தாலும் நின்னேன். என்னைப் போல அங்க ஒரு அம்பது பேரு சும்மா நின்னுக்கிட்டிருந்தாங்க.

அதே வருஷம் ஆகஸ்ட்ல ஜொகூர் கடல்ல கேடி பெண்டேக்கார் முங்குச்சு, அதுல இருந்த 39 பேரும் பத்திரமா வந்துட்டாங்க. அந்தச் செய்தி வர்ற வரைக்கும் என் பழைய மெஸ் குரூப்ல ஒருத்தனும் தூங்கல. ஒவ்வொருத்தனா "நான் ஓகே" "நான் ஓகே"ன்னு மெசேஜ் வந்தப்பதான் மூச்சு விட்டோம்.

---

சிக்னல் அண்ணன்

நீலக் காலர் தம்பி, வாங்க. அந்தப் பத்து பேரு பேரையும் எழுதி எடுத்துட்டு வாங்க, நீங்களே படிங்க.

இன்னொண்ணு, இளம் பிள்ளைங்க படிக்கிறீங்கன்னா தெரிஞ்சுக்குங்க. 1967 டிசம்பர்ல நம்ம கடற்படைக்கு முதல் மலேசியத் தலைவரா வந்தவர் தனபாலசிங்கம், அப்ப அவருக்கு 31 வயசு. அது வரைக்கும் வெள்ளைக்காரன்தான் தலைவன். நாங்க எல்லாம் லயத்துல (தோட்டத்து வரிசை வீட்டுல) இருந்து வந்த பசங்க, அப்பன் செவப்பு ஐசி, குடியுரிமை இல்லாதவங்க அடையாள அட்டை அது, 69க்கு அப்புறம் வேலைக்குப் பெர்மிட் இல்லன்னு எத்தனை குடும்பம் கப்பல் ஏறி இந்தியாவுக்குத் திரும்பிப் போச்சு அந்தக் காலத்துல. எங்கிட்ட குடிமக்களுக்குக் கொடுக்குற நீல ஐசி, மேல சட்டையில மலேசியான்னு எழுதியிருக்கு, உச்சியில உட்கார்ந்திருக்கறவர் பேரு எங்க வாயில சரியா வர்ற பேரு. உத்தரவுல அந்தக் கையெழுத்தைப் பார்த்தாலே முதுகு நிமிரும். எங்கப்பா சாகறவரைக்கும் தோட்டத்து பெரட்டுல (காலையில வேலைக்குப் பேர் கூப்பிடுற எடத்துல) நின்னு எல்லார்கிட்டயும் சொல்லுவாரு, என் மகன் கவர்மெண்ட் கப்பல்ல இருக்கான்னு.

---

ஆச்சி மகன் (பீடோர்)

ஒரு முக்கியமான விஷயம், கொஞ்சம் பொறுமையா படிங்க. எங்கப்பா இருபத்தொரு வருஷம் முடிச்சு பென்ஷன் வாங்குனவர். அவர் போனப்புறம் அம்மாவுக்கு வர வேண்டியதுக்கு அலைஞ்சோம் பாருங்க, ஒரு ஆபீஸ்ல கல்யாண சர்ட்டிபிகேட் இல்லாம ஒண்ணும் பண்ண முடியாதுன்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டாங்க, மூணு தடவை. அம்மாவுக்கு 1974ல தோட்டத்துக் கோயில்ல தாலி கட்டுனது, யாரு பதிஞ்சா அப்ப.

தெரிஞ்சுக்க வேண்டியது என்னன்னா, கல்யாணத்தைக் கட்டாயம் பதியணும்ங்கிற சட்டம் 1976ல வந்தாலும் 1982 மார்ச் 1ல இருந்துதான் அமலுக்கு வந்துச்சு. அதுக்கு முன்னால சம்பிரதாயப்படி நடந்த கல்யாணத்தை அந்தச் சட்டமே ஏத்துக்குது, பின்னாடி பதிஞ்சுக்கவும் வழி வச்சிருக்கு. ஆனா ஒருத்தர் போனப்புறம் பதியறதுக்கு அலையறது நரகம். அதனால உயிரோட இருக்கற அங்கிள்மாருங்க எல்லாரும் தயவுசெஞ்சு ஆன்ட்டியைக் கூட்டிக்கிட்டு இந்த மாசமே பதிவிலாகாவுக்குப் போங்க. சர்வீஸ் நம்பர், டிஸ்சார்ஜ் கடுதாசி, பென்ஷன் கார்டு, ஐசி காப்பி எல்லாம் ஒரே பையில போட்டு பீரோவுல எங்க வச்சிருக்கீங்கன்னு பிள்ளைங்ககிட்ட சொல்லுங்க. எங்கப்பா வச்சிருந்தது அரிசி டின்னுக்கு அடியில, எங்களுக்குத் தெரியவே தெரியாது.

---

பழைய ஸ்டோக்கர்

ஆச்சி மகன் தம்பி ரொம்ப நன்றி, நானே இன்னும் பதியல, வீட்ல சொல்லிட்டேன் திங்கக்கிழமை போறோம்.

---

கிராணி மகன்

ஐயா ஒரு சந்தேகம், பூ விடுறப்ப ஐயர் வச்சு மந்திரம் சொல்லணுமா? மலாய்க்காரங்க சீனங்க வந்தா அவங்களுக்கு ஒரு மாதிரி இருக்குமே.

---

பழைய ஸ்டோக்கர்

மந்திரம் வேணாம் தம்பி. கப்பல்ல ஒரே மெஸ்ல சாப்பிட்டோம், நோன்பு மாசத்துல ராத்திரி மூணு மணிக்கு எழுந்து அவங்க கூடவே சஹூர் சாப்பிட்டு வாட்ச்சுக்கு (காவல் முறைக்கு) போயிருக்கேன், தீபாவளிக்கு எனக்கு லீவு கொடுக்க அவங்க வாட்ச்சை எடுத்துக்கிட்டாங்க. எழுபதுகள் கடைசியில வியட்நாம் அகதிங்க படகு படகா வந்தப்ப கிழக்குக் கடல்ல ரோந்து, ஒரு படகுல ஒரு பாட்டி செத்துக் கிடந்தாங்க, டெக் ஆளுங்களுக்கு மேல இருந்த எங்க மலாய் போசன் அவங்களுக்காகக் கையேந்தி துஆ பண்ணுனாரு, நான் நெத்தியில விபூதி பூசி விட்டேன், அந்தம்மா என்ன மதம்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியாது. அவங்கவங்க முறையில அவங்கவங்க கும்பிடட்டும். மல்லிப்பூ நான் கொண்டு வர்றேன்.

காலையில 7 மணிக்கு ஜெட்டி. வெயில் ஏறுறதுக்கு முன்னால முடிச்சுடுவோம், வயசானவங்க இருக்காங்க. பிளாஸ்டிக் நாற்காலி பத்து கோயில்ல கேட்டிருக்கேன். மாலையில கம்பி இருந்தா கழட்டிட்டுக் கொண்டு வாங்க, ஆத்துல கம்பி போகக் கூடாது, மீன்பிடிக்கிறவங்க வலையில மாட்டும்.

---

லயத்துப் பொண்ணு

எல்லாருக்கும் நன்றி சொல்லணும். நேத்து நானும் அம்மாவும் போயிருந்தோம். முப்பது பேருக்கு மேல வந்திருந்தாங்க, நான் பத்து பேருதான் இருக்கும்னு நெனைச்சேன். ஸ்டோக்கர் அங்கிள் பைப்பு ஊதுனாரு, அப்புறம் அதை அவர் கூட்டாளியோட பேரன் கையில கொடுத்து அந்தப் பையனையும் ஊத வச்சாரு, ஒரே கீச்சு, யாரும் சிரிக்கல. நீலக் காலர் அண்ணன் பத்து பேரையும் படிச்சப்ப ஏழாவது பேருல நின்னுட்டாரு, சீனர் அங்கிள் பக்கத்துல போய் தோள்ல கை வச்சாரு, அப்புறம் முடிச்சாரு. என் முறை வந்தப்ப அப்பா பேரையும் கேடி ராஹ்மாட்னும் சொன்னேன். சத்தமா சொன்னேன். தண்ணி அப்ப வெளிய எறங்கிக்கிட்டிருந்துச்சு, பூ எல்லாம் கடல் பக்கமாவே போச்சு.

முடிஞ்சு கொம்பியாவும் கோப்பியும் சாப்பிடறப்ப போட்டோவை எல்லார்கிட்டயும் காட்டுனேன். ஆயர் தாவார்ல இருந்து வந்த மலாய் அங்கிள் கண்ணாடியைக் கழட்டித் தொடச்சுட்டு ரொம்ப நேரம் பார்த்தாரு, அப்பா பக்கத்துல நிக்கிறவரை விரல் வச்சுக் காட்டி இவனை எனக்குத் தெரியும், கிளந்தான்காரன், கப்பல்ல சமையல்காரன், இன்னும் இருக்கான்னாரு. அங்கயே போன் போட்டு ஸ்பீக்கர்ல வச்சாரு. யாரு மகள்னு அவருக்கு எடுத்துச் சொன்னாரு, அப்பா போனதை இன்னும் சொல்லல. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் அவர் அப்பாவைச் செல்லப் பேரு வச்சுக் கூப்பிட்டு, மலாய்ல கேட்டாரு, அவன் இன்னும் தூக்கத்துல பேசுறானா, மேல் பங்க்ல படுத்துக்கிட்டு ராத்திரி முழுக்க தமிழ்ல அவன் அம்மாகிட்ட பேசுவான், எனக்கு ஒண்ணும் புரியாது, அதைக் கேட்டுக்கிட்டேதான் நான் தூங்குவேன்னு.

எனக்கு அது தெரியவே தெரியாது. அம்மா போனுக்குப் பக்கத்துல குனிஞ்சு, அவங்களுக்குத் தெரிஞ்ச மலாய்ல, பேசுவாரு, கடைசி வரைக்கும் பேசுவாருன்னு சொன்னாங்க.